கடலில் ஏழு தலைகள்

அந்தக் கடற்கரையின் பெயரை எழுதக் கூடாது என்று என் தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெயர் வெளியே தெரிந்தால் கூட்டம் வந்துவிடுமாம். தாராபுரத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துவிட்டு யார் பலகையைத் தூக்கிக்கொண்டு நியூ ஜெர்சிக்குக் கிளம்பப் போகிறார்கள் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதனால் எழுதவில்லை. உண்மையில், எழுதச் சொன்னாலும் எனக்கு வழி சொல்லத் தெரியாது. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வேறு வேறு ஊருக்குப் போனது போலத்தான் இருந்தது.

நான் கால்நடை மருத்துவன். தொண்ணூற்றெட்டு செப்டம்பரில் இரண்டு வார விடுப்பில் அமெரிக்கா போனது சுற்றிப் பார்க்க அல்ல. எடிசன் நகரில் இருக்கும் தங்கை வசந்தியைக் கையோடு அழைத்துவர அம்மா அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் வசந்திக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அப்போது எங்களில் யாராலும் போக முடியவில்லை. அதன் பிறகு அவள் தொலைபேசியில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. பேசினாலும் "நல்லா இருக்கறன், நீங்க நல்லா இருக்கறீங்களா" என்பதைத் தாண்டாது. ஆறு மாதம் ஊரில் வைத்திருந்து தேற்றி அனுப்பலாம் என்பது அம்மாவின் கணக்கு. மாப்பிள்ளை சிவக்குமாரும் சரி என்றிருந்தார். வசந்தியைச் சம்மதிக்க வைப்பது மட்டும் என் வேலை.

சனிக்கிழமை காலை நெவார்க் விமான நிலையத்தில் மாப்பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தார். வசந்தி எங்கே என்று கேட்டேன்.

"கடலுக்குப் போயிருக்கறா மச்சான். மத்தியானம் வந்துருவா."

எங்கள் பக்கம் ஒருவர் கடலுக்குப் போனார் என்றால் ராமேஸ்வரத்துக்கு, பெரும்பாலும் கையில் ஒரு அஸ்திக் கலயத்தோடு. குழந்தைக்கு இத்தனை நாள் கழித்து ஏதாவது சடங்கா என்று கேட்க நினைத்தவன், காரில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே பார்த்ததும் குழப்பம்தான். இந்த மாநிலத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் பல இடங்களில் முதலில் வலப்பக்கம் விலகி, ஒரு வளையத்தில் சுற்றி, வந்த சாலையையே குறுக்கே கடக்க வேண்டும். மாப்பிள்ளை வழி தவறிவிட்டார் என்று நினைத்து இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். "இங்க இப்படித்தாங்க" என்றார். அலுவலகத்தில் இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கணினிகள் கெட்டுவிடும் என்று அவருக்கு ராப்பகலாக வேலை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நோயாளி இவர்தானோ என்று தோன்றியது.

மதியம் சிவப்பு நிறச் சரக்கு வண்டி ஒன்று வீட்டு முன் நின்றது. ஓட்டி வந்தவள் நாற்பது வயது வெள்ளைக்காரி. பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கியவள் என் தங்கை. கால் முழுக்க மணல். தலைமுடி உப்பேறி, முறுக்கிய கயிறு போலத் தொங்கியது. நன்றாகக் கறுத்திருந்தாள். வண்டியின் பின்னாலிருந்து தன்னைவிட உயரமான பலகை ஒன்றை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"வாங்ண்ணா" என்று என் இரண்டு கைகளையும் பிடித்தாள். உள்ளங்கை மண்வெட்டி பிடிப்பவர்களின் கை போலக் காய்த்திருந்தது.

நான் மனதில் சுமந்து வந்த வசந்தி வேறு. இளைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்ட அறையில் படுத்திருப்பவள். இவளோ நின்றபடியே நான்கு இட்லி தின்றாள். மாடு தீவனம் எடுக்கிறதா என்பதுதான் என் தொழிலில் முதல் கேள்வி. எடுக்கிறது. ஆனால் வேறு எதுவும் எனக்குத் தெரிந்த எதற்கும் ஒத்துப்போகவில்லை. பலகை எதற்கு என்று கேட்டேன்.

"அலை மேல நிக்கறதுக்குங்ண்ணா."

"நின்னு?"

"நிக்கறதுதான்."

அடுத்த சில நாட்கள் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட, நானும் அவளும் மட்டும் வீட்டில். அவள் விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. மாவு புளிப்பதற்காக அடுப்புப் பெட்டிக்குள் வைத்து உள்ளே விளக்கை எரியவிடுவாள். எனக்கு அது குஞ்சு பொரிக்கும் பெட்டி போலத் தெரிந்தது. ஓக் ட்ரீ சாலைக்குப் போய்க் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்தோம். அங்கே கேட்ட குரல்களில் பாதி குஜராத்தி. நான் வெளிநாடு வந்திருப்பதா வடநாடு வந்திருப்பதா என்றே பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. தினமும் காலையில் வசந்தி தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டே நிற்பாள். சில நேரம் முகம் மலரும். வைத்துவிட்டு எதையோ தாளில் குறித்துக்கொள்வாள். மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போனபோது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். "2 அடி, தென்கிழக்கு, 8 நொடி" என்று இருந்தது. பிறகுதான் சொன்னாள். அலையின் உயரம், வரும் திசை, இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை நொடி என்று ஏதோ ஒரு கடைக்காரர் அன்றைய நிலவரத்தைப் பதிவு செய்து வைப்பாராம். கூப்பிட்டால் கேட்கலாம். அண்ணன் தாளை எடுத்துப் பார்த்ததற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை பக்கத்து வீட்டு லலிதா ஆன்ட்டி என்னைத் தனியாகப் பிடித்தார். சென்னைக்காரர். மயிலாப்பூரை விட்டு வந்து பதினைந்து வருடமாம்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அவ ரொம்ப டிப்ரெஸ்டா இருந்தா, ஐ அண்டர்ஸ்டாண்ட். ஆனா வீக்கெண்ட் ஆனா ரப்பர் டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு நாப்பது மைல் ட்ரைவ் பண்ணி கடல்ல போய் விழறது நார்மலா? கோயிலுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கறா. நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வசந்தி கீரை ஆய்ந்துகொண்டே பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டால், அவள் செய்வதிலும் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். வசந்தி கீழே, கால் வழுக்காமல் இருக்கப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையிடம் மெல்ல விசாரித்தேன். அந்தச் சிவப்பு வண்டிக்காரி டெனீஸ், குழந்தை இருந்த வார்டில் நர்ஸாம். நான்கு மாதம் கழித்து ஒருநாள் கடையில் வசந்தியைப் பார்த்து, சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று கடலுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அதிலிருந்து சனி ஞாயிறு தவறியதில்லை. பனிக்காலத்தில்கூட.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சப்பாத்திக் கட்டையை நிறுத்தினார்.

"நான் ஒரு நாளும் போனதில்லீங்க மச்சான்."

"ஒண்ணேகால் வருசமாவா?"

"எனக்கு நீச்சல் தெரியாது. போய்ப் பாத்தா, வேண்டாம்னு சொல்லிப்புடுவனோன்னு பயம். சொன்னா விட்டுருவா. விட்டுட்டா அப்புறம் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியல."

நாம் இருவரும் இந்தச் சனிக்கிழமை போவோம் என்று சொன்னேன். எந்தத் துணிச்சலில் சொன்னேன் என்று தெரியாது.

தெற்கே எங்கோ கடலில் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. அது கரைக்கு வராது, அலை மட்டும் வரும் என்று வசந்தி உற்சாகமாகச் சொன்னாள். சனிக்கிழமை விடியுமுன் அவள் டெனீஸோடு போய்விட்டாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எங்களுக்கு வழி எழுதி ஒட்டியிருந்தாள். பாலம் தாண்டி, தூண்டில் இரை விற்கும் கடை, அடுத்த இடது, வெள்ளைப் படகு நிற்கும் வீடு, பக்கத்தில் நாணல்.

எளிதாகத்தான் தெரிந்தது. பெருஞ்சாலையின் சுங்கச்சாவடியில் சில்லறையை ஒரு கூடைக்குள் வீச வேண்டும். மாப்பிள்ளை வீசியது கூடையில் பட்டுக் கீழே உருண்டது. அவர் இறங்கி வண்டிக்கு அடியில் தேட, பின்னால் வரிசையாக ஹாரன். பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு பஞ்சாபி இளைஞரிடம் வழி கேட்டோம். கடல் இங்கிருந்து பத்து நிமிடம்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வந்து ஆறு வருடத்தில் பார்க்க நேரம் வாய்க்கவில்லை என்றார். பாலங்கள் மூன்று வந்தன. வெள்ளைப் படகு எல்லா வீட்டு முன்னாலும் நின்றது. நாணலோ, பார்த்த இடமெல்லாம் நாணல்.

கடைசியில் இரைக் கடை ஒன்று கண்ணில் பட்டது. முழங்கால்வரை ரப்பர் காலணி போட்ட கிழவர் ஒருவர் வாளியில் மீன்குஞ்சுகளை அள்ளிக்கொண்டிருந்தார். கடற்கரைக்கு வழி கேட்டதும், இந்தப் பக்கம் கடற்கரையே கிடையாது, வெறும் சதுப்பு நிலம் என்றார். அவருக்குப் பின்னாலேயே அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நன்றி சொல்லித் திரும்பிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் தங்கை அங்கே அலை மேல் நின்றுகொண்டிருக்கிறாள் என்றேன்.

கிழவர் வாளியைக் கீழே வைத்தார். "வாசியின் அண்ணனா? அதை முதலிலேயே சொல்வதற்கென்ன" என்றார். வசந்தி என்ற பெயர் அவர் வாயில் அப்படிச் சுருங்கியிருந்தது.

தன் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம். நாணலுக்கு நடுவே போகும் ஒற்றையடித் தடம் ஒன்றைக் காட்டிச் சொன்னது இது: "போன வருடம் கோடை முழுக்க விழுந்துகொண்டே இருந்தாள். நானும் கடையை விட்டு வந்து பார்ப்பேன். இன்றோடு வராமல் போய்விடுவாள் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன்."

மணல்மேட்டில் ஏறினோம். கடல் கண்ணைக் கூச வைத்தது. கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் நேர் எதிரே, தண்ணீருக்கு ஒரு பனைமர உயரத்தில் நின்றது. நீண்ட வெறும் மணல். ஒரு கடை இல்லை, ஒரு குடை இல்லை. தூரத்தில் தண்ணீருக்குள் ஏழு தலைகள். குட்டையில் இறங்கிய எருமைகள் போல, ஏழும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. எல்லாம் கறுப்பு உடுப்பு. வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகமும் இல்லை, நிறமும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை.

"இதுல வசந்தி எதுங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். கூடப் பிறந்தவன் எனக்கே தெரியவில்லை.

அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. வெகுநேரம் எதுவும் நடக்காது. பிறகு அடிவானத்தில் ஒரு கோடு தடித்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று பேர் படுத்தபடி கைகளால் துழாவுவார்கள். அலை அவர்களைத் தூக்கும் நொடியில் ஒருவர் மட்டும் எழுந்து நிற்பார். மற்றவர்கள் அலைக்குப் பின்னால் மறைந்துபோவார்கள்.

குட்டையாக ஒரு உருவம் ஒவ்வொரு முறையும் எழுந்ததும் விழுந்தது. அதுதான் வசந்தி என்று நாங்கள் முடிவு செய்தோம். தோளைக் குறுக்கும் விதம் அவளுடையது என்று நான் உறுதியாகச் சொன்னேன். இன்னொரு உருவம் அலையின் சரிவில் குறுக்காக ஓடி, முழங்காலை மடக்கி, கரைவரை நின்றபடியே வந்து திரும்பிப் போனது. உள்ளூர்ப் பையனாக இருப்பான், பிறந்ததிலிருந்து பழக்கம் போல என்று மாப்பிள்ளை சொன்னார். எங்கள் கண்ணெல்லாம் விழுகிற உருவத்தின் மேல்தான்.

பெரிய அலை ஒன்று வந்தது. வீட்டுக் கூரை உயரம் இருக்கும். குட்டை உருவம் எழுந்தது, தலைகீழாகப் போனது, நுரை மூடிக்கொண்டது. பலகை மட்டும் தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நின்று நடுங்கியது. பலகைக்கும் காலுக்கும் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அது அப்படி நிற்கிறது என்றால் ஆள் அடியில் கிடந்து இழுக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் ஏதோ சரியில்லை என்பது அப்போதே தெரிந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டுவரை எண்ணியபோது பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை.

காலணி, பேன்ட், கண்ணாடியோடு தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.  இடுப்பளவு, மார்பளவு. அடுத்த அலை அவரைப் புரட்டிப் போட்டது. ஒரு கை தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் சட்டையோடு பாய்ந்தேன். எனக்குக் கிணற்று நீச்சல்தான் தெரியும். கிணறு இப்படி இழுக்காது. எந்தப் பக்கம் நீந்துகிறேன் என்றே தெரியாமல் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நடுவே ஒரு பலகை வந்து நின்றது. அந்த உள்ளூர்ப் பையன். ஒரு கையால் மாப்பிள்ளையின் காலரைப் பிடித்துத் தூக்கிப் பலகை மேல் கிடத்தினான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"ண்ணா, காலை ஊனுங்க. இங்க ஆழமில்ல."

ஊன்றினேன். நெஞ்சளவுதான் இருந்தது. பேசியது வசந்தி.

கரையில் டெனீஸ் எங்கள் இருவர் மேலும் துண்டைப் போர்த்தினாள். விழுந்துகொண்டே இருந்த குட்டை ஆளும் இருமிக்கொண்டு கரையேறினார். பல் மருத்துவராம். போன மாதம்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கினாராம். தன்னால்தான் இவ்வளவும் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, எங்களுக்குப் பாதி ரொட்டியும் சூடான காபியும் கொடுத்தார். வசந்தி யாரையும் பார்க்காமல் மாப்பிள்ளையின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீச்சல் தெரியாதவங்க எதுக்குத் தண்ணிக்குள்ள வந்தீங்க?"

"நீன்னு நெனச்சேன்."

"அவரு பேரு ரான். பல் டாக்டருங்க."

"எனக்குத் தெரியல வசந்தி. எல்லாம் ஒரே மாதிரி இருந்துது." பல் கிட்டிப் பேசினார். குளிர்தான் என்று நினைத்தேன். "அன்னிக்கும் எனக்குத் தெரியல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு குழந்தைங்க. ஓரத்துல இருந்ததுதான் நம்ம பாப்பான்னு ஒரு மணி நேரம் அதையே பாத்துட்டு நின்னேன். நர்ஸம்மா வந்து, இது இல்லைங்க, நடுவுல இருக்கறதுன்னாங்க. அவ இருந்ததே மூணு நாள். அதுல ஒரு மணி நேரம் வேற யாரோட குழந்தையையோ பாத்துட்டு இருந்துட்டேன்."

வசந்தி பிழிவதை நிறுத்தினாள். இது அவளுக்கும் புதிது என்று முகத்தில் தெரிந்தது. டெனீஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்து போய்விட்டாள். நான் போவதா இருப்பதா என்று தடுமாறி, காபிக் குவளையோடு தண்ணீர் ஓரமாக நடந்தேன். போகும்போது கடைசியாகக் காதில் விழுந்தது வசந்தியின் குரல்.

"எனக்கும்தாங்க தெரியல. வயரெல்லாம் கட்டி மூஞ்சியே தெரியாமத்தான் என்கிட்ட காட்டுனாங்க."

திரும்பி வந்தபோது இருவரும் ஒரே துண்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று திரும்பும்போது யாரும் வழி தவறவில்லை. அல்லது நான் கவனிக்கவில்லை.

அம்மா சொன்னதை வசந்தியிடம் கேட்கச் செவ்வாய்க்கிழமைவரை ஆயிற்று. ஆறு மாதம் ஊருக்கு வருகிறாயா என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்கு ரெண்டு பேரும் வாறோங்ண்ணா. ஆறு மாசம் அங்க வந்து என்ன பண்றது? எல்லாரும் என்னையே பாத்துட்டு இருப்பீங்க."

"அக்கறையிலதான கண்ணு பாக்கறோம்."

"தெரியுதுங்ண்ணா" என்றாள். மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். 

கிளம்புவதற்கு முதல் நாள் மறுபடி போனோம். அலை முழங்கால் அளவுதான். வசந்தி என்னைப் பலகையில் குப்புறப் படுக்க வைத்து, பின்னாலிருந்து தள்ளி, "எந்திரிங்க" என்றாள். எப்போது எழுவது, எந்தக் காலை முதலில் வைப்பது, எங்கே பார்ப்பது என்று யோசிப்பதற்குள் மூக்கு நிறையக் கடல். மூன்றாம் தடவை மண்டி போட்டு நான்கு நொடி போனேன். அந்த நான்கு நொடியில் பலகை ஓடுகிறதா, கரை என்னை நோக்கி வருகிறதா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேரப் படிவம் வாங்கி வைத்திருந்தார்.

ஊருக்குத் தனியாகத்தான் திரும்பினேன். வழி முழுக்க அம்மாவிடம் சொல்வதற்கு வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. போன காரியம் நடக்கவில்லை. நடக்காதது நல்லது என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

பெட்டியை இறக்கியதும் அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவ வரலையா என்று கேட்டார். பொங்கலுக்கு வருவார்கள் என்றேன். அங்கே அவள் என்னதான் செய்கிறாள் என்றார். கடலில் ஒரு பலகை போட்டு, அலை மேல் நிற்கிறாள் என்று உள்ளதைச் சொன்னேன். அம்மா என் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். திட்டப் போகிறாரோ, அழப் போகிறாரோ என்று காத்திருந்தேன்.

"மாப்பிள்ளை கூடப் போறாரா?"

"போறாருங்கம்மா. கரையில உக்காந்திருக்கறாரு."

"அப்பச் செரி" என்றார் அம்மா. எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்க உள்ளே போனார்.